தரையில் படாத கால்கள்

வடகரைப்பாளையத்து ஆட்களுக்குக் கால் என்று ஒன்று இருப்பதே ஒரு காலத்தில் யார் கண்ணிலும் பட்டதில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். இருந்தது, ஆளுக்கு இரண்டு இருந்தது. ஆனால் இருக்கவேண்டிய இடத்தில், கீழே, செருப்புக்குள்ளும் புழுதிக்குள்ளும் இருந்ததால் அதைப் பார்த்தாகவேண்டிய கேடு யாருக்கும் வரவில்லை. பிடித்தவரோடு பேசும்போது முகத்தைப் பார்த்தார்கள், பிடிக்காதவரோடு பேசும்போது சுவரைப் பார்த்தார்கள், சாப்பிடும்போது இலையைப் பார்த்தார்கள். குதிகால் வெடிப்பும் நகக்கண் அழுக்கும் கட்டைவிரல் மயிரும் அவரவர் சொந்த விஷயமாக இருந்தன. அந்த மானமுள்ள காலம் ஊருக்குள் மல்லர் கம்பம் வந்ததோடு முடிந்தது.

கம்பம் வருவதற்கு முன்னால் தணிகைவேல் எப்படி இருந்தான் என்று முதலில் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் அந்தத் தணிகைவேலைத் திரும்பக் கைக்குக் கொண்டுவருவதற்காகத்தான் எழிலரசி பின்னால் அத்தனை பாடும் பட்டாள். எழிலரசி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் மெஸ் நடத்துகிற ஏகாம்பரத்தின் ஒரே மகள். பி.காம். முடித்துவிட்டு அப்பாவின் மெஸ்ஸிலேயே பரிமாறிக்கொண்டிருந்தாள். தணிகைவேல் அவளுடைய அத்தை மகன், மதியச் சாப்பாட்டுக்குத் தவறாமல் வருவான், குழம்பில் உப்பு கரித்தாலும் வாய் திறக்கமாட்டான், ரசம் வேண்டுமென்றால் டம்ளரை ஒற்றை விரலால் லேசாகத் தட்டுவான், அந்தச் சத்தம் அடுப்படியில் நிற்கிற அவளுக்கு மட்டும் கேட்கும். பெண் கேட்பதற்காக மூன்று தீபாவளிக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு மாமன் முன்னால் வந்து நின்றான்; வியர்த்து விறுவிறுத்து, ஒரு தீபாவளிக்கு "மணி என்னா மாமா" என்றும், மறு தீபாவளிக்கு "மழ வராப்பல கீது மாமா" என்றும், அதற்கடுத்ததற்கு அதுவும் வராமல் வெறும் "மாமா" என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஏகாம்பரத்துக்கு விஷயம் தெரியாமலில்லை. வாய்விட்டுக் கேட்கத் துப்பில்லாதவனுக்குப் பெண்ணைக் கொடுத்தால், நாளைக்கு அவளுக்கு ஒரு முழம் பூ வாங்கக்கூட எவனையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் போவான் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். எழிலரசிக்கும் வாய் கிடையாது. நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் பேசினால் அது அவள் காதுக்கே எட்டாது.

அந்தச் சமயத்தில்தான் புருஷோத்தமன் மாஸ்டர் கழுத்தில் விசிலோடு வந்து, மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகையின் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு தேக்குக் கம்பத்தை நட்டு, அதற்கு விளக்கெண்ணெய் தேய்த்து, சுற்றிலும் பஞ்சு மெத்தை விரித்து, 'ஏறு, உன்னை நம்பு' என்று பேனர் கட்டினார். படித்த பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காததற்கும் வேலை கிடைத்த பிள்ளைகளுக்குப் பெண் கிடைக்காததற்கும் ஒரே காரணம் தன்னம்பிக்கை இல்லாததுதான் என்றும், கையாலும் காலாலும் உடம்பை மேலே தூக்கப் பழகியவன் நெஞ்சில் பயம் தங்காது என்றும் மைக் வைத்துப் பேசினார். அதில் பொய்யென்று சொல்ல ஒன்றுமில்லை. ஏன் மாஸ்டர் நீங்கள் ஏறவில்லை என்று கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார்.

எழிலரசிதான் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துத் தணிகைவேலிடம் சொன்னாள். "போயித்தான் ஏறிப் பாரேன் மாமா. எங்கப்பா கிட்ட ஒரு வார்த்த கேக்குற அளவுக்குத் தைரியம் வந்தா போதும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

அவளுக்காகப் போனான். வழுக்கினான், விழுந்தான், தொடையெல்லாம் சிராய்த்துக்கொண்டு நொண்டிக்கொண்டே வந்து சாப்பிட்டான், டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே தட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பத்தின் உச்சியைத் தொட்டுவிட்டான். சுற்றி நின்ற கூட்டம் கைதட்ட, மாஸ்டர் விசிலடிக்க, மேலேயிருந்து குதித்தான். குதித்தவன் மெத்தைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுகொண்டான். காலை ஊன்று ஊன்று என்று நாலு பேர் கத்தினார்கள், அவன் ஊன்றித்தான் நின்றான், ஊன்றிய இடத்தில் தரை இல்லை, அவ்வளவுதான். மாஸ்டர் குனிந்து அந்த இடைவெளிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "இதுதான் முன்னேற்றம், எழுதி வெச்சிக்குங்க" என்றார். அத்தை சாந்தா பூசணிக்காயோடு ஓடிவந்து, மகனுக்குத் திருஷ்டி கழிப்பது பழைய உயரத்துக்கா புது உயரத்துக்கா என்று கொஞ்சநேரம் திகைத்து, இரண்டுக்கும் சேர்த்துச் சுற்றி உடைத்தாள்.

ஏற ஏற உயரம் கூடியது. தணிகைவேலைப் பார்த்து ஊரிலுள்ள வாலிபப் பிள்ளைகள் அத்தனை பேரும் கம்பத்துக்குப் போனார்கள், பெண் பிள்ளைகளுக்கென்று பக்கத்திலேயே கயிற்று மல்லர் கம்பம் தொங்கவிடப்பட்டது, போனவர்கள் எல்லோரும் கைதட்டலுக்கு நடுவே குதித்து, முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் தோள் உயரத்திலும் வீடு திரும்பினார்கள். ஊர் அதை நாலைந்து நாள் வேடிக்கை பார்த்தது, பிறகு அதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்ய ஆரம்பித்தது. நிலைப்படிக்கு மேலே சுவரை இடித்து வாசலை உயர்த்தினார்கள். சலூன்காரர் ஏணி வாங்கினார். கோயில் ஐயர் கற்பூரத் தட்டை ஒரு மூங்கிலின் நுனியில் கட்டி மேலே நீட்டினார், திருநீறு பாதி காற்றில் போனது. கண்டக்டர்கள் உயரமானவர்களைப் பஸ் கூரைக்கு மேலேயே வரவிட்டு மரக்கிளை வரும்போது மட்டும் விசில் கொடுத்தார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் "பையன் எவ்ளோ ஒசரம்?" என்று கேட்டார்கள், அது உடம்பு உயரமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தரையில் நடந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் விசேஷ வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விடலாம். கால் கழுவுவதை விட்டார்கள் பாருங்கள், அங்கேதான் குமட்டல் ஆரம்பித்தது. தரையில் படாத கால் எப்படி அழுக்காகும் என்று மாஸ்டர் ஒரு வகுப்பில் கேட்டுவைத்தார், அது சரிதானே என்று அத்தனை பேருக்கும் பட்டது, அன்றோடு செருப்பும் போயிற்று தண்ணீரும் போயிற்று. விளக்கெண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஏறி, வியர்வை ஏறி, விரலிடுக்கில் வெள்ளைவெள்ளையாக ஊறி, குதிகால் தோல் அப்பளம்போல் பொரிந்து உதிரத் தொடங்கியது. அது உதிர்ந்தால் எங்கே விழும்? கீழேதான் விழும். கீழே ஊர் இருந்தது. வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு காய்கறி வாங்கப் போனார்கள், வீட்டுக்குள் உயரமான பிள்ளை இருந்தால் வீட்டுக்குள்ளும் குடை பிடித்தார்கள், வெட்டிய நகம் தலைமுடிக்குள் சிக்கினால் பேன் எடுப்பதுபோல் எடுத்துப் போட்டுவிட்டு மேலே பார்த்துச் சிரித்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத்தான் இல்லை என்றால், கொஞ்சநாளில் அதைப் பொறுக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை பயம் போகும் என்று, தலைக்கு மேலே போகிறவனின் குதிகால் தோலைச் சுரண்டி வாங்கித் தாயத்தில் அடைத்துக் கட்டினார்கள். தூ, எழுதவே கை கூசுகிறது, ஆனால் கட்டினார்கள்.

தணிகைவேல் பெண் கேட்டது ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில். அப்போது அவன் இடுப்பு உயரத்தைத் தாண்டியிருந்தான், ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, நேர்முகத்தில் கேள்வி கேட்டவர்கள் அண்ணாந்து பார்த்த களைப்பிலேயே வேலையைக் கொடுத்துவிட்டதாகப் பேச்சு. மெஸ்ஸுக்குள் கூரைக்குக் குனிந்துகொண்டு வந்தான். கூரைக்குக் குனிவான், ஆளுக்குக் குனியமாட்டான், அப்படி ஆகியிருந்தது. ஏகாம்பரம் தன் சாப்பாட்டை அப்போதுதான் இலையில் போட்டு ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய மேஜைக்கு நேர்மேலே வந்து நின்று, மெஸ் முழுக்கக் கேட்கும்படி, "மாமா, எழிலரசிய எனக்குக் கட்டிக் குடுங்க, அவள என்னால மட்டுந்தான் வெச்சிக் காப்பாத்த முடியும்" என்றான்.

அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற எழிலரசிக்கு அந்த ஒரு நொடி உடம்பெல்லாம் குளிர்ந்தது. எத்தனை வருஷத்து வார்த்தை. அடுத்த நொடி, அவன் குதிகாலிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு செதில் பிரிந்து, ஆடி ஆடி இறங்கி, அப்பாவின் ரசத்தில் விழுந்ததைப் பார்த்தாள். ஏகாம்பரமும் பார்த்தார். மேலே தெரிந்த இரண்டு உள்ளங்கால்களையும் பார்த்தார். பிறகு முகமெல்லாம் பல்லாக, "இப்பத்தான்டா நீ ஆம்பள" என்று சொல்லி, அந்தச் சோற்றை அப்படியே பிசைந்து வாயில் போட்டுக்கொண்டார். எழிலரசி பின்கட்டுக்கு ஓடித் தொட்டியில் வாந்தியெடுத்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே அவனைக் கேட்டாள். "கொஞ்சம் கீழ எறங்கி வா மாமா. கேக்க வேண்டியதக் கேட்டாச்சு. இன்னும் எதுக்கு மேலயே நிக்கிற?"

"என்னா சொல்ற? கேக்கல," என்றான் மேலேயிருந்து. கீழே பேசுகிறவர்களின் பேச்சு அவர்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதும் இல்லை. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னாள்.

"நான் ஏன் எறங்கணும்? நீ மேல வா. பயம்தான் உன்னக் கீழ புடிச்சி வெச்சிக்கினு கீது," என்று மாஸ்டரின் குரலிலேயே சொல்லிவிட்டு, கட்டைவிரலால் மறுகாலைச் சொறிந்துகொண்டே போனான்.

அவனுக்கு எட்டுகிற தூரத்துக்காவது போய்ப் பேசிப்பார்க்கலாமே என்றுதான் அவள் கயிற்றுக்குப் போனாள். முதல் நாள் வகுப்பில், கயிற்றில் தொங்கிய பெண்களின் உள்ளங்கால்கள் வரிசையாக முகத்துக்கு மேலே தெரிந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். பிறகு யாரும் இல்லாத விடிகாலையில், மெஸ்ஸுக்குப் பால் வாங்கப் போகிற வழியில், தனியாகப் போக ஆரம்பித்தாள். கயிற்றைக் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கொடுத்து, உடம்பை எக்கி, கையை மாற்றிப் பிடித்து, மறுபடியும் எக்கி ஏறினாள். உள்ளங்கை எரிந்தது, தோள் இற்றுப்போனது. ஆனாலும் ஒருநாள் உச்சியில் இருந்த இரும்பு வளையத்தைத் தொட்டபோது, கொட்டகையின் தகரக் கூரைக்கு மேலே சூரியன் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே, நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்ததை அவள் உணர்ந்தாள். கைதட்ட ஆளில்லை. பால் தூக்கு கீழே காத்துக்கொண்டிருந்தது. குதிக்காமல், ஏறியது போலவே பிடி பிடியாக இறங்கினாள்; கால் மெத்தையில் பட்டது, மெத்தையை விட்டு இறங்கியபோது மண்ணில் பட்டது, மண் ஈரமாக இருந்தது. தினமும் ஏறினாள், தினமும் இறங்கினாள். புளிமூட்டையை ஒரு கையால் நகர்த்துகிற அளவுக்குப் பிடி வந்தது, அடுப்படியிலிருந்து அவள் சொல்வது மூன்றாவது மேஜைக்குக் கேட்க ஆரம்பித்தது.

"நானும் ஏறுனன் அத்தை," என்று ஒருநாள் சொல்லியும் பார்த்தாள்.

சாந்தா அவளை மேலும் கீழும் பார்த்தாள், முக்கியமாகக் கீழே. "ஏறுனா ஏன்டி தரையில நிக்கிற?"

"எறங்கிட்டேன்."

"எறங்குறதுக்கு எதுக்குடி ஏறணும்?" என்று கேட்டுவிட்டு அத்தை அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மாப்பிள்ளை தலை உயரத்தில் இருக்கிறான், பெண் இன்னும் மண்ணில் நிற்கிறாள், கயிறு ஏறினேன் என்று வேறு கதை விடுகிறாள், பாவம், தணிகையின் நல்ல மனசு, சொல்லைக் காப்பாற்றுகிறான் என்று ஊர் பேசிக்கொண்டது. ஏகாம்பரமும் அதையேதான் சொன்னார். அவருடைய தலையில் எப்போதும் ஒரு துண்டு கட்டியிருந்தது, மருமகனாகப் போகிறவன் அடிக்கடி வந்துபோனதால்.

கல்யாணத்தை நிறுத்தச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அந்த டம்ளர் தட்டுகிற ஆள் வேண்டியிருந்தான், அவன் அந்த அழுகிய கால்களுக்கு மேலே எங்கேயோ உள்ளே இருக்கிறான் என்று நம்பினாள், அவனை மேலே அனுப்பியது தான்தான் என்பதும் அவளை அரித்தது. அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. அவர்கள் வகையறாவில் தாலிக்கு முன்னால் மெட்டி. மணப்பெண் அம்மியில் கால் வைக்க, மாப்பிள்ளை உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் கையால் பிடித்து விரலில் மெட்டி போட்டு, அந்தக் கையோடுதான் எழுந்து தாலி கட்டவேண்டும். எப்பேர்ப்பட்ட கொம்பனும் அந்த ஒரு நிமிஷம் பெண்ணின் காலடியில் உட்கார்ந்தே ஆகவேண்டும். குனியவேண்டியவன் இறங்கித்தானே ஆகவேண்டும் என்று அவள் கணக்குப் போட்டாள். ஒரு வார்த்தை அவனிடம் கேட்டும் வைத்தாள்.

"மெட்டி போடுறப்ப எறங்கிடுவல்ல மாமா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம் எழிலு. என்னால முடியாதது ஒண்ணுமில்ல," என்றான். அந்த 'எழிலு' பழைய எழிலு மாதிரியே இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் முகூர்த்தம் வரைக்கும் நாளை ஓட்டினாள்.

ஆனால் ஊர் இதற்கும் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியைப்போல, ஆனால் மெலிதாக, பட்டுத்துணி சுற்றி, நுனியில் ஒரு பித்தளைக் கொக்கி வைத்து மண்டபக்காரரே செய்து வைத்திருந்தார். அதற்கு மெட்டிக்கோல் என்று பெயர். அண்டா, ஜமுக்காளத்தோடு சேர்த்து அதையும் வாடகைக்கு விட்டார்கள், உயரமான மாப்பிள்ளைகளுக்கு அதுதான் வழக்கமாகியிருந்தது. மேளம் நின்று, மண்டபம் முழுக்க, கீழே நாற்காலியிலும் மேலே காற்றிலுமாக ஜனம் நிறைந்திருக்க, எழிலரசி அம்மியின்மேல் வலதுகாலை வைத்தபோது, சாந்தா அந்தக் கோலின் கொக்கியில் மெட்டியை மாட்டி மகனிடம் நீட்டினாள்.

தணிகைவேல் எழிலரசியின் முகத்துக்கு நேராக இரண்டு கால்களையும் தொங்கவிட்டுக்கொண்டு மேலே நின்றான். பட்டு வேட்டி, ஜரிகை, மாலை எல்லாம் மேலே இருந்தன, அவளுக்குத் தெரிந்தது கால் மட்டுமே. கல்யாணத்துக்கென்று அந்தக் கால்களில் நலங்கு மஞ்சள் வேறு பூசியிருந்தார்கள், கழுவாமலே பூசியிருந்தார்கள், அழுக்கின்மேல் மஞ்சள் காய்ந்து வெடித்து, வெடிப்புக்குள் எண்ணெய் மினுங்கி, ஊறிய விரலிடுக்கிலிருந்து ஒரு புளிச்ச வாடை அவள் மூக்குக்கு நேராக வந்துகொண்டிருந்தது. கோல் இறங்கியது. அது அவள் கணுக்காலில் இடித்தது, பாதத்தில் கீறியது, சுண்டுவிரலைக் குத்தியது. அவன் கீழே பார்க்கவேயில்லை. மண்டபத்துக்குள் போட்டோக்காரர் பறக்கவிட்டிருந்த ட்ரோனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "கொஞ்சம் லெப்ட்ல தம்பி, லெப்ட்ல," என்று கீழே யாரோ வழி சொன்னார்கள். மூன்றாவது குத்தில் அவள் விரலோரம் ரத்தம் வந்தது.

எழிலரசி குனிந்து கோலைப் பிடித்தாள். கொக்கியிலிருந்து மெட்டியைக் கழற்றினாள். நிமிர்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் தொங்கிய அந்த வலதுகாலைக் கணுக்காலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். கால் உதறியது. கயிறு பிடித்த கை, விடவில்லை. பிசுபிசுவென்று வழுக்கிய இரண்டாவது விரலைப் பிரித்து, அதில் மெட்டியைப் போட்டுவிட்டாள்.

மெட்டிக்கு என்ன கனம் இருக்கும், ஒரு சுண்டைக்காய்க் கனம் இருக்குமா? தணிகைவேல் இறங்கினான். கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல் நிதானமாக இறங்கினான், கால் அவள் நெஞ்சைத் தாண்டியது, இடுப்பைத் தாண்டியது, மாலை முகத்துக்கு நேராக வந்தது, பிறகு முகம் முகத்துக்கு நேராக வந்தது, பிறகு அவன் உள்ளங்கால் இரண்டும் மணமேடையின் பலகையில் சத்தத்தோடு பதிந்தன. இத்தனை மாதத்துக்குப் பிறகு எழிலரசி அவன் கண்ணைப் பார்த்தாள். அதே கண்தான். புருவத்துக்கு மேலே அதே வியர்வை. அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, "மாமா" என்று அவன் கையைப் பிடித்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தான். ஒரு காலைத் தூக்கினான், அதை வைத்துவிட்டு மறுகாலைத் தூக்கினான், அடுப்புச் சட்டியில் நிற்பவன் மாதிரி மாற்றி மாற்றித் தூக்கினான். சிந்திக்கிடந்த அட்சதையும் பூவும் குங்குமமும் உள்ளங்காலில் ஒட்டியதைப் பார்த்து அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. இத்தனை நாள் அவன் காலைப் பார்த்தபோதெல்லாம் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எழிலரசிக்கு அப்போது தெரிந்தது, ஏனென்றால் அச்சு அசலாக அந்த முகத்தை அவன் வைத்துக்கொண்டு நின்றான்.

"சீ, என்னா இது, ஒட்டுது," என்றான், டம்ளர் தட்டுகிறவனின் அந்தச் சின்னக் குரலில். "அசிங்கமா கீது எழிலு. எப்படி இதுல நிக்கிறீங்க? கழட்டு. எல்லாரும் பாக்குறாங்க, சீக்கிரம் கழட்டு."

"இதுலதான் மாமா நான் நிக்கிறேன்."

"தெரியும். அதுக்காக நானுமா நிக்கணும்? கழட்டுடி, உன்னக் கெஞ்சிக் கேக்குறேன்."

அவள் தேடிய ஆள்தான் அவன். எங்கும் தொலைந்துபோகவில்லை, எந்தக் கம்பமும் அவனை மாற்றிவிடவில்லை, முழுசாக அவள் முன்னால் நின்றான். மூன்று தீபாவளிக்கு வியர்த்து நின்றபோதும் அவன் இப்படித்தான் நின்றிருப்பான், நாலு பேர் பார்ப்பதைத் தவிர வேறு எதையும் நினைக்காமல். கீழே இருந்தவரைக்கும் அதை அடக்கம் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் பிடித்திருந்த கை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. காலைப் பிடித்தபோது வராத குமட்டல் இப்போது அந்தக் கையிலிருந்து கிளம்பி அவள் தொண்டைக்கு ஏறியது.

எழிலரசி மணமேடையில் உட்கார்ந்து, அவன் காலிலிருந்து மெட்டியைக் கழற்றினாள். தணிகைவேல் விர்ரென்று மேலே போனான், பழைய உயரத்தையும் தாண்டிச் சரவிளக்குப் பக்கத்தில் போய் நின்றான், வேட்டியை உதறிச் சரிசெய்தான், மண்டபம் இடிந்துவிழுகிற மாதிரி கைதட்டியது. ஏகாம்பரமும் தட்டினார். "அபசகுனமா எதுவும் நெனைக்காதீங்க, மேளம், மேளம்," என்று சாந்தா கத்தினாள், தாலி கட்டுவதற்கு இன்னொரு நீளமான கோல் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது.

எழிலரசி எழுந்து நின்றாள்.

"இந்தக் கல்யாணம் வேணாம்பா," என்றாள். கத்தவில்லை. ஆனால் அது சமையற்கட்டுவரைக்கும் கேட்டது, தவில்காரர் ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டார், மேலேயும் கேட்டது. மேலே நின்றவர்கள், இடுப்பு உயரக்காரர்களும் தோள் உயரக்காரர்களும் தலைக்கு மேலே போனவர்களும், யார் பேசியது என்று பார்ப்பதற்காக, அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து கீழே பார்த்தார்கள்.

ஏறிய நாளிலிருந்து அவர்களில் ஒருவர்கூடக் கீழே பார்த்ததில்லை. பார்த்த அத்தனை பேருக்கும் தலை சுற்றியது.